கியர் பாக்ஸின் மூச்சு

மச்சானுக்கு ஸலாம்.

போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவீர்கள். அதனால்தான் எழுதி, நாளை சவூதி கிளம்பும் ரியாசுதீன் அண்ணனிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு கொடுத்துவிடுகிறேன்.

நம் மினி லாரியில் கியர் ஆயில் ஒழுகுவது நின்றுவிட்டது! நீங்கள் போனதிலிருந்து ஒழுகியதே, "சீல் மாத்தியும் நிக்கலைன்னா வித்துரு" என்றீர்களே, அந்த ஒழுக்குதான்.

நேற்று வண்டியை மணமேல்குடி வரை ஓட்டிப் போய்வந்ததும் (யார் ஓட்டியது என்று இப்போது கேட்காதீர்கள்) உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று சீறியது. சூடான காற்று வெளியேற கியர் பாக்ஸின் மேலே சின்னத் துளை இருக்கும் என்று யூடியூபில் பார்த்திருந்தேன். தடவினால் துளையே இல்லை, கறுப்புப் பெயிண்ட்தான் இருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று, போகும் முன் நீங்கள் ஆசை ஆசையாக அடித்த பெயிண்ட்! போக வழியில்லாத காற்று ஆயிலை வெளியே தள்ளியிருக்கிறது.

நான் சிரித்த சிரிப்பில் நம் அஸ்மா, "உம்மா, வண்டி மேல விழுந்துருச்சா?" என்று ஓடிவந்தாள்.

ஊக்கால் பெயிண்டைச் சுரண்டித் துளையைத் திறந்துவிட்டு இன்னொரு சுற்று போய்வந்தோம். காலையில் வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டை காய்ந்தே கிடந்தது.

வண்டியை வாங்க வந்தவரிடம், "விக்கலைங்க, டிரைவர் வந்துருவாங்க" என்றேன்.

"அதுவரைக்கும் யாரும்மா ஓட்டுறது?"

சாவியை எடுத்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆக்டிங் டிரைவர்