இரண்டு நேதன் ஹார்வுட்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஏழு பாகைக் குளிர். மழை. தோய்த்த உடுப்பெல்லாம் கராஜுக்குள்.

செய்ய வேண்டியவை:
— 15ஆம் தேதி ஆராதனைக்குப் பிறகு சாப்பாடு. 80 பேர். (மச்சாளின் கணக்கு 120)
— நினைவு மலர் 11ஆம் தேதிக்குள் அச்சகத்துக்கு
— இவரின் படம். டை கட்டினதா, தோட்டத்தில் நிற்பதா?
— ஹீட்டர் திருத்த ஆள்

இவர் போய் ஒரு வருடமாகப் போகிறது. ஹீட்டர் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு வேறு மாநிலத்து டண்டினொங்கிலிருந்து மச்சாள் போன். இவருடைய ஒரே அக்கா. எண்பத்தொரு வயது, குரல் நாற்பது.

"நடுப்பக்கம் ரெண்டும் கலரில. வம்சாவளி முழுக்க வரவேணும். பாய்க்கப்பல் படம் ஒண்டு கட்டாயம். ரஞ்சி, கேக்கிறியே?"

"ஓம் மச்சாள்."

"தம்பி பன்னிரண்டு வருசம் பாடுபட்டுச் செய்தது. ஒரு எழுத்தும் விடாதை."

விடமாட்டேன். ஆனால் அந்த வம்சாவளியைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. உச்சியில் அமெரிக்கா இங்கிலாந்தின் கையில் இருந்த காலத்தில் நிலம் உழுது பிழைத்த மாசச்சூசெட்ஸ் கமக்காரர்கள். நடுவில் மிஷன் வேலைக்குக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த வெள்ளைக்காரர், நேதன் ஹார்வுட். அவருக்கு ஒரு மகன், அவனும் நேதன் ஹார்வுட். அவனுக்குக் கீழே வெள்ளை ஒரு துளியும் கலக்காத நாங்கள், எல்லோரும் கறுப்பு. மச்சாளின் கண் மட்டும் கொஞ்சம் பூனைக்கண். அதுதான் குடும்பத்தின் முதல் சாட்சி.

டாக்டரிடம் போனால் "மிசிஸ் ஹார்வுட்" என்று கூப்பிட்டுவிட்டு என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார்கள். முப்பது வருடமாக இதே கதைதான்.

பின்னேரம் மகள் நிஷா வந்தாள். அப்பாவின் ஈமெயிலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறதாம். பிறகு பார்க்கலாம் என்றேன்.


ஜூன் 4, புதன்

மழை விட்டது. இவருடைய அறை. படம் தேடப் போனேன், மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

கோப்புகள் பதினாறு. முதுகில் இவருடைய அச்சடித்த மாதிரியான எழுத்து. "சபைப் பதிவு." "காணி உறுதி 1." "காணி உறுதி 2." "சந்தேகமானவர்கள்." இந்தக் கடைசிக் கோப்புத்தான் எல்லாவற்றிலும் தடிப்பு.

இந்த ஆராய்ச்சி இவர் ஓய்வுபெற்ற மறுமாதம் தொடங்கியது. சனிக்கிழமைகளில் ரயிலில் நகரத்து நூலகத்துக்குப் போவார். நான் கூடப் போய்க் கடை பார்ப்பேன். ஐந்து மணிக்கு வாசல் படியில் கண்ணெல்லாம் சிவக்க நிற்பார். ரயிலில் எங்கள் ஹோம்புஷ் வருவதற்குள் புதிதாகக் கிடைத்த கிழவனின் சரித்திரம் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார்.

"ரஞ்சி, ஏசாயா கிழவனுக்கு இருபது ஏக்கர். முந்நூற்றி இருபது பரப்பு! எல்லையில ஒரு ஓக் மரம், ஒரு கல்லு, பிறகு ஆறு."

அமெரிக்கக் காணியை யாழ்ப்பாணத்துப் பரப்பில் அளந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். எங்களுடைய சொந்தக் காணி பதினோரு பரப்பு, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆமி முகாமுக்குள் கிடந்தது. உறுதிப் பத்திரம் கையில், காணி வேலிக்கு அந்தப் பக்கம். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். ஏசாயா கிழவனின் எல்லைக் கல்லைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார். எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்காத ஆள் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், பகிடி பண்ணினேன். "ஆபிரகாம் லிங்கன் உங்களுக்கு என்ன முறை, சித்தப்பாவோ?" சாப்பாட்டு மேசையில், ஆட்களுக்கு முன்னால்.

இவரும் சிரிப்பார்தான்.

படம் எடுத்தாயிற்று. தோட்டத்தில் நிற்பது.


ஜூன் 6, வெள்ளி

வெயில், ஆனால் காற்று வெட்டுகிறது. ஹீட்டர்காரர் வரவில்லை.

அந்த ஈமெயிலைத் திறந்தேன். எங்கள் ஊர்ப் பக்கச் சபைப் போதகர். இவர் இறந்தது அவருக்குத் தெரியாது. "அன்பின் ஐயா, பழைய ஏடுகள் பெட்டிகளில் இருந்தபடியால் தாமதம், மன்னிக்கவும். கேட்ட பக்கங்கள் இத்துடன்." போனில் எடுத்த படங்கள் நாலு. மிஷன் விடுதிப் பள்ளியின் சேர்வுப் புத்தகம். இங்கிலீசில், கோழி கிண்டின மாதிரி எழுத்து.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். டாக்டர்மாரின் எழுத்தை வாசித்தவளுக்கு இது ஒன்றுமில்லை. வாசித்தேன். இரண்டாம் தரம் வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன்.

ஒரு வரியில்: நேதன் ஹார்வுட். வயது எட்டு. முன்பு வைரவன். தகப்பன் கதிரன்.

நாலு வருடம் தள்ளி இன்னொரு வரி: நேதன் ஹார்வுட். வயது ஒன்பது. முன்பு கந்தன். தாய் வள்ளி, கைம்பெண்.

வேலையில் எங்களுக்குப் பெரிய பயமே இதுதான். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள், யாரோ அவசரத்தில் இரண்டு கோப்பையும் குழப்பிவிடுவது. அதனால் முதலில் வயதைப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இவரிடம் இருந்த பழைய பட்டியலில் பெயர்களும் வருடங்களும் மட்டும்தான், வயது இல்லை. இரண்டு நேதன் ஹார்வுட்டைக் கண்டதும் முதலாமவர் தகப்பன், மற்றவர் மகன் என்று எழுதிவிட்டார்.

பன்னிரண்டு வருடமாக நாங்கள் தொப்பி போட்டுக் கப்பலேற்றி வைத்திருந்த வெள்ளைக்காரன் எட்டு வயதுப் பிள்ளை. கதிரனின் மகன்.


ஜூன் 7, சனி

நித்திரை சரியில்லை. காலையில் நிஷாவும் கூட இருந்து பூதக்கண்ணாடியோடு பார்த்தோம். சேர்வுப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்துக் குறிப்புகளையும் வாசித்தாயிற்று.

இப்படி: அமெரிக்காவில் இருக்கும் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவுவார். பிள்ளைக்கு அவருடைய பெயரை வைப்பார்கள். உண்மையான நேதன் ஹார்வுட் மாசச்சூசெட்ஸை விட்டு அசையவே இல்லை. வைரவன் இரண்டாம் வருடம் காய்ச்சலில் செத்துப்போனான். பெயர் சும்மா இருந்தது. பிறகு வந்த கந்தனுக்கு அதைக் கொடுத்தார்கள்.

கந்தனுக்கு நேரே இன்னும் ஒரு வரி. "தாய் வந்து கூட்டிச் சென்றாள். மூன்றாம் நாள் தானே திரும்பக் கொண்டுவந்து விட்டாள்."

இதை எழுதின துரைக்கு இது வெறும் வரவுக் குறிப்பு. அந்த மூன்று நாளும் அவள் என்ன சமைத்துக் கொடுத்தாளோ. எதனால் மனம் மாறினாளோ. கொடுக்க ஒன்றும் இருந்திராது.

நிஷா: "ஸோ அம்மா, வீ வேர் ஸ்பொன்சர்ட் கிட்ஸ்?"

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்ததே மச்சாள் ஸ்பொன்சர் பண்ணித்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? புதன்கிழமை அச்சகம். உள்ளதைப் போட்டால், இவருடைய வருட நினைவில், எண்பது பேருக்கு முன்னால், இவரை முட்டாள் ஆக்குகிறேன். பழையதைப் போட்டால் தெரிந்துகொண்டே பொய்.


ஜூன் 9, திங்கள்

விடுமுறை. மச்சாளுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஆர் அந்தக் கந்தன்?"

"உங்கட பூட்டனார் மச்சாள். அவரிலயிருந்துதான் நாங்கள்."

"அந்தப் போதகருக்கு விசர். அப்ப என்ர கண்?"

"கண் கடவுள் தந்தது."

பிறகு குரல் உடைந்துவிட்டது. "ரஞ்சி, அவன் உயிரோட இருக்கேக்கையே நீ அவனைச் சபையில வைச்சுப் பகிடி பண்ணினனீ. நான் ஒண்டும் சொல்லேல்லை. செத்த பிறகாவது விடு. என்ர தம்பியைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கப்படாது."

போனை வைத்துவிட்டா.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மச்சாள் சொன்னதில் பிழை எங்கே? ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். சாப்பிடவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

பனிக்குளிர். ஹீட்டர்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பாகம் ஓடர் பண்ண வேண்டும் என்று போய்விட்டார்.

காலையில் முடிவு: பழைய வம்சாவளியே போகட்டும். கப்பல், ஏசாயா கிழவன், எல்லாம். உண்மை வேறு எங்கும் போய்விடாது. அச்சகக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லியும் விட்டேன்.

போதகருக்கு மரணச் செய்தியாவது எழுத வேண்டும் அல்லவா. அதற்காக இவருடைய ஈமெயிலைத் திறந்து, இவர் கடைசியாக என்ன எழுதியிருந்தார் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று கிழமை முந்தி. அப்படியே இங்கே பிரதி பண்ணுகிறேன்:

"மதிப்புக்குரிய போதகர் அவர்களுக்கு, பட்டியலில் இரண்டு நேதன் ஹார்வுட் இருக்கிறார்கள். தகப்பனும் மகனும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இடையில் நாலே வருடம் என்பதால் இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தயவுசெய்து இருவரின் வயதையும் தாய் தகப்பன் பெயரையும் பார்த்து அறியத்தாருங்கள். நான் பிழை என்றாலும் மறைக்காமல் எழுதவும். அறிந்துகொண்டு போக விருப்பம். பதிலை எனக்கு மட்டும் அனுப்பவும். என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. அவ அறிந்தால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பா."

குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். ஒரு வருடத்தில் இப்படி அழவில்லை.

பக்கத்து அறையில்தான் இருந்தார். பன்னிரண்டு வருட வேலை சரிந்துகொண்டிருந்தது, அதைத் தனியே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று "என்ன, இண்டைக்கு ஒரு கிழவனும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டிருப்பேன். கேட்டேன்தான். நினைவிருக்கிறது.

கடிதத்தைப் படமெடுத்து வைபரில் மச்சாளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டா.


ஜூன் 11, புதன்

ஏழரைக்கு மச்சாளின் போன். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"அவன் கேட்டதுக்கு மறுமொழி வந்திருக்கு. போடு."

"கப்பல்?"

"அதை விடு." பிறகு, "ரஞ்சி, அந்த முதல் பொடியன், செத்தவன், அவன்ர பேர் என்ன?"

"வைரவன்."

"அவனையும் போடு. அவன்ர பேரைத்தானே நாங்கள் இவ்வளவு காலமும் வைச்சிருந்தது."

பென்டில் ஹில் அச்சகத்தில் ஒன்றரை மணித்தியாலம். அச்சகக்காரருக்குப் பொறுமை அதிகம். நடுப்பக்கத்தில் கப்பல் இருந்த இடம் இப்போது வெறுமை. உச்சியில் வள்ளி. கீழே கந்தன் என்ற நேதன் ஹார்வுட். பக்கத்தில் ஒரு கோடும் தொடாமல், கதிரனின் மகன் வைரவன் என்ற நேதன் ஹார்வுட், பத்து வயதுக்குள் காலமானார். அடியில் "ஆராய்ச்சி:" என்று இவருடைய பெயர்.

ஏசாயா கிழவனுக்கு இடமில்லை. அவரை விடத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நல்ல கமக்காரன்.


ஜூன் 15, ஞாயிறு

வெயில். சாப்பாடு மிஞ்சியது, நூற்றுப்பத்துப் பேர் வந்தும். மச்சாளின் கணக்குத்தான் சரி.

நேற்றே விமானத்தில் வந்துவிட்டா. ஆராதனையில் நடுப்பக்கத்தை நிஷா வாசிப்பதாக ஏற்பாடு. மச்சாள் எழும்பி அவளிடமிருந்து மலரை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தானே வாசித்தா. "வள்ளி, கைம்பெண்" என்று தொடங்கும்போது பின்வரிசையில் யாரோ "அமெரிக்கா எங்கை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மச்சாளுக்கும் கேட்டிருக்கும். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது மச்சாள் முன் அறையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறா. நான் இவருடைய மேசையில். பதினாறு கோப்பும் அப்படியே.

நீங்கள் எழுதினது சரி, நான் சிரித்திருப்பேன்தான். பொய் சொல்லமாட்டேன். ஒரு மாதம் இல்லை, இரண்டு நாள். பிறகு இந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே இவ்வளவு காலமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.