நோன்புக்கு முன் துடைத்த அஞ்சல் பெட்டி

பெப்ரவரி 27, வியாழன்

சுவருக்கு இரண்டாவது பூச்சும் முடிந்தது. திரைச்சீலை, மெத்தை உறை, பாய் எல்லாம் கழுவிக் காயப்போட்டாயிற்று. நோன்புக்கு இன்னும் இரண்டு, மூன்று நாள்தான். எங்கள் ஊர் சாய்ந்தமருது முழுக்க வாளியும் விளக்குமாறுமாக நிற்கிறது. எங்கள் தெருவில் என் வீடுதான் முதலில் முடிந்தது. பெருமையில்லை, சும்மா எழுதி வைக்கிறேன். (பெருமைதான்.)

இவர் அட்டாளைச்சேனையில் பள்ளிக்கூடம் படிப்பித்துவிட்டு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ளுக்கு வரலாமா, இல்லாட்டி என்னையும் கழுவிப் போட்டுத்தான் எடுப்பியா?" என்றார்.

கடையும் முடிந்தது. கடை என்றால் முன்னறைதான். ஃபோட்டோகொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது. பழைய லப்டொப்பை நேற்றே தூசி தட்டிக் கல்முனைச் செசிலிக்குக் கொடுத்துவிட்டேன். டைப்பிங் வகுப்புக் காலத்துத் தோழி. மாதா கோயில் பூசைத் தாள்களை அதில் அடிப்பாளாம். இந்த மாதத் தொடக்கத்தில் புதுக் கணினி வந்ததிலிருந்து அது அலுமாரிக்குள் சும்மா கிடந்தது.

கடைசியாகக் கடையின் மின்னஞ்சல் பெட்டி. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் முகவரி. எந்த விண்ணப்பத்திலும் மின்னஞ்சல் கேட்டால் என்னுடையதைப் போட்டுவிடுவார்கள். ஆறாயிரத்து நானூறு கடிதம் சேர்ந்திருந்தது! இந்த மாதத்தவற்றை விட்டுவிட்டு, வந்தது போனது எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்தேன். குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினேன். குப்பையை அள்ளிக் கூடையோடு வீட்டுக்குள் வைத்திருக்கிற ஆள் நானில்லை.

என்ன நிம்மதி.

மார்ச் 2, ஞாயிறு. நோன்பு 1

கஞ்சிக்கு உப்புக் கூடிவிட்டது. இவர் அப்படியும் இரண்டு கோப்பை குடித்தார்.

மார்ச் 9, ஞாயிறு. நோன்பு 8

அப்ராஸ் மகளோடு கடைக்கு வந்தார். எங்களுக்கு மூன்றாவது வீடு, ஓட்டோ ஓட்டுகிறார். ஸைனப்புக்கு மூன்று வயது. பின்னலில் ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. "நான்தான் பின்னினன் ராத்தா. போன மாசத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். உண்மைதான்.

மனைவி றஸ்னா பொலன்னறுவைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் நிற்பாள். பிள்ளைக்கு ஒரு வயதான நாளிலிருந்து இப்படித்தான். ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்டு ஜனவரியில் விண்ணப்பம் போட்டோம். அடித்ததும் கடை மின்னஞ்சலில் அனுப்பியதும் நான்தான். இந்த முறை கிடைத்துவிடும் என்கிறார் அப்ராஸ். கிடைக்கட்டும். எத்தனை பிள்ளைக்குத் தகப்பன் பின்னல் பின்னுகிறான்?

மார்ச் 24, திங்கள். நோன்பு 23

கடையை நேரத்தோடே பூட்டிவிட்டேன்.

பகல் றஸ்னா கோல் எடுத்தாள். இடமாற்றப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கேட்டால், முடிவு திகதிக்கு முன் விண்ணப்பம் கிடைக்கவில்லை என்கிறார்களாம். கிடைத்ததற்கு அத்தாட்சி இருந்தால் வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் அம்பாறைச் சுகாதாரக் காரியாலயத்தில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

"கிடைச்ச எண்டு அவங்க போட்ட மெயில் இரிக்கிதானே ராத்தா?"

"ஓம், இரிக்கி. எடுத்து வெக்கிறன்."

சொல்லிவிட்டேன். நோன்பு வாயால். சொல்லும்போதே தெரியும் - ஜனவரிக் கடிதம், எல்லாம் போயிற்று, நானே துடைத்தேன். ஏன் ஓம் என்றேன்? பிழை என்று ஒப்புக்கொள்ள நாக்கு வராது எனக்கு. சின்ன வயதிலிருந்து இந்தக் குணம்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அந்த மெயில் வந்த அன்று றஸ்னா, "ஒரு பிரிண்ட் தாங்க ராத்தா" என்று கேட்டாள். "என்னத்துக்குக் கடதாசிய வீணாக்கிற? கொம்பியூட்டருக்குள்ள பத்திரமா இரிக்கி" என்று அனுப்பிவிட்டேன்.

அல்லாஹ்வே.

மார்ச் 25, செவ்வாய். நோன்பு 24. காலை

விடியச் சுபஹுத் தொழுததிலிருந்து தேடுகிறேன். பெட்டியில் இல்லை. அனுப்பியவற்றில் இல்லை. குப்பைத்தொட்டி பளிங்கு மாதிரி இருக்கிறது. யாரைத் திட்டுவது? மெயில் கம்பனிக்கு, அழிந்ததை மீட்டுத் தரும்படி விண்ணப்பம் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. மீட்க முடியவில்லையாம்.

இவரிடம் சொன்னேன். கிண்டல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "முதல்ல அந்தப் புள்ளைக்கு உண்மையைச் சொல்லு. பிறகு தேடு" என்றார். கிண்டல் பண்ணியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பத்தரைக்கு றஸ்னாவுக்கு எடுத்தேன். "நேத்துப் பொய் சொன்னன். எல்லாத்தையும் நான்தான் அழிச்சிப்போட்டன்" என்றேன். "நான் அப்பவே பிரிண்ட் கேட்டன் ராத்தா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

அஸர் தொழுதுவிட்டு, பின்னேரம் ஐந்து மணிபோல் சுஜிந்தனுக்கு எடுத்தேன். கல்முனை பஸாரில் கணினி திருத்துகிறவர். கேட்டுவிட்டு, "குப்பைத்தொட்டியில விட்டிருந்தா முப்பது நாள் கிடந்திருக்குமே அக்கா. அதை ஏன் வெறுமையாக்கினீங்க?" என்றார்.

"நோன்பு வருகுது எண்டுதான்."

சிரிப்பை அடக்கியிருப்பார். பிறகு, "முதல் பாவிச்ச லப்டொப் எங்க?" என்று கேட்டார். அதில் மெயில் புரோகிராம் ஒன்று அவரே போட்டுத் தந்திருந்தார். வந்த கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியை அது உள்ளே இறக்கி வைக்குமாம். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போனது.

"ஆனா வைஃபையோட அந்தப் புரோகிராமை ஒருக்கா திறந்தாலும் சரி, அங்க அழிஞ்சதைப் பார்த்து இதுவும் அழிச்சிரும். இந்த ஒரு மாசத்தில ஆராவது திறந்தவங்களா?"

செசிலியிடம் இருபத்தேழு நாளாக இருக்கிறது! அவளுக்கு எடுத்தால் கைபேசி அணைந்திருக்கிறது. அவர்களுக்கும் இது தவக்காலம், பகலில் கைபேசியைத் தொடமாட்டாள். அது அவளுடைய ஒறுத்தல். இவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நோன்பு திறக்க முக்கால் மணித்தியாலம் இருந்தது. வழி முழுக்க ஸலவாத்து ஓதினேன். இடையிடையே செசிலியைத் திட்டினேன், எந்தக் குற்றமும் செய்யாதவளை.

லப்டொப் மேசையில் திறந்தே இருந்தது. வைஃபையும் ஓடியது.

"அந்த மெயில் புரோகிராமைத் திறந்தியா செசிலி?"

"அந்த நீலக் கடித உறைப் படமா? முதல் நாளே கண்டன். உன்ட பேர் போட்டிருந்திச்சி. மத்தவங்கட கடிதத்தை நான் ஏன் திறக்கிற?"

அப்படியே கட்டிப்பிடித்தேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. இவர் போய் வைஃபை பெட்டியின் வயரையே பிடுங்கினார். சுஜிந்தன் கைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, நான் செய்தேன். புரோகிராம் திறந்தது. ஜனவரிக்குப் போனேன். 16ஆம் திகதி, காலை 10.42. "உங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது." றஸ்னாவின் முழுப் பெயரும், இலக்கமும்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்க வாங்கு சொன்னது அப்போதுதான் கேட்டது. செசிலி பேரீச்சம்பழமும் வெறுந்தேத்தண்ணியும் வைத்தாள். ஒரு பழத்தால் நோன்பைத் திறந்துவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். இவர் மட்டும் ஆறு பழம் சாப்பிட்டார்.

ஆறாயிரத்துச் சொச்சம் கடிதத்தையும் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தோம். கடையில் பிரிண்ட் அடித்து, அப்ராஸின் வீட்டு வாசலுக்குப் போய் அவர் கையில் தாளைக் கொடுத்தேன். மூன்று பிரதி. "மன்னிச்சிக்கங்க தம்பி" என்றேன். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 27, வியாழன். நோன்பு 26

றஸ்னா விடியப் பஸ்ஸில் அம்பாறைக்கு வந்து, அப்ராஸோடு காரியாலயம் போனாள். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அப்ராஸ் கோல் எடுத்தார். வாங்கி, முத்திரை குத்திவிட்டார்களாம். முடிவு பிறகுதான்.

மார்ச் 31, திங்கள். பெருநாள்

வட்டிலப்பம் நன்றாக வந்தது. றஸ்னா ஒரு தட்டுப் பலகாரம் அனுப்பியிருந்தாள், அவள் வரவில்லை. நான் போயிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பொழுதுபட்டு, மகரிபுக்குப் பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். ஸைனப்பின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "இரிங்க ராத்தா" என்றாள், சீப்பை வாயில் கடித்தபடி. அவ்வளவுதான். அந்த ஒரு சொல் எனக்குப் பெருநாளாகிவிட்டது.

ஏப்ரல் 5, சனி

கடையில் புதுச் சட்டம். இனி யாருக்கும் என் முகவரி இல்லை. ஆளாளுக்குச் சொந்த மின்னஞ்சல் திறந்து கொடுக்கிறேன், கடவுச்சொல்லை அவர்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான கடிதம் வந்தால் கேட்காவிட்டாலும் பிரிண்ட். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரம் எல்லாவற்றையும் இரண்டு டிரைவில் பிரதி எடுக்கிறேன். ஒன்று அலுமாரியில், ஒன்று செசிலி வீட்டில். திறக்கமாட்டாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

குப்பைத்தொட்டியில் கை வைப்பதில்லை. முப்பது நாள் நாறட்டும்.

சந்திக் கடைக் கலந்தர் காக்காவுக்குச் சொந்த மின்னஞ்சல் பிடிக்கவில்லை. "எனக்கு என்னத்துக்கு புள்ள அது? நீ இரிக்கிறாய்தானே."

"நான் இரிக்கிறதுதான் காக்கா பயம்" என்றேன். இவர் உள்ளே இருந்து சத்தமாகச் சிரித்தார். பத்து நாளாகக் கட்டி வைத்திருந்த கிண்டல் முழுவதும் இரவுச் சாப்பாட்டோடு வந்தது. நான் இடியப்பத்தைத் தட்டிலிருந்து எடுக்கும்போது, "அழிச்சிராதே, அது எனக்கு வேணும்" என்கிறார்.

ஏப்ரல் 23, புதன்

றஸ்னாவுக்குக் கிடைத்துவிட்டது! மே 5 முதல் ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. கடிதம் அவளுடைய சொந்த மின்னஞ்சலுக்கு வந்தது. நான் நாலு பிரிண்ட் அடித்துக் கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

காலையில் கடையைத் திறந்தபோது றஸ்னா வேலைக்குப் போகும் உடுப்போடு வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. மறுபடி எந்தக் கடிதம்? எதை அழித்தேன்?

"ஸைனப் கேட்டைப் புடிச்சிக்கிட்டு அழுறாள் ராத்தா."

"ஏன், என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. நான் வேலைக்குப் போறனாம்." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். "ரெண்டு வருஷமா நான் பஸ் ஏறக்குள்ள கையைக் காட்டிப்போட்டு வாப்பாட தோளுல சாஞ்சிருவாள். ஒரு நாளாவது அழுதாள் எண்டு இல்ல. இண்டைக்கு விடுறாள் இல்ல ராத்தா, என்ட முந்தானையை விடுறாள் இல்ல."

தண்ணீர் கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, மணியைப் பார்த்துப் பதறி, "நாலரைக்கு வந்திருவன் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டு வந்திரிக்கன்" என்று ஓடினாள்.

பின்னேரம் எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. நாலு இருபத்தெட்டுக்கு அவள் கடையைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை, ஓடிக்கொண்டிருந்தாள்.