இடது காதில் மஞ்சள் வில்லை

செவ்வாய், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்துவிட்டது. பயிர் போனாலும் நம் மாடுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் செத்த மாட்டுக்குத்தான் அரசு நிவாரணம் தருகிறதாம். ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்த செத்த மாடு ஒன்று நம் செவலை மாதிரியே சிவப்பு. அப்பாவும் சித்தப்பாவும் செவலையின் காதில் மாட்டு டாக்டர் அடையாளத்துக்கு மாட்டியிருந்த, எண் போட்ட மஞ்சள் வில்லையைக் கழற்றி அதன் காதில் மாட்டி, படம் எடுத்து அனுப்பினார்கள். பணமும் வந்துவிட்டது.

இப்போது செவலை உன் அறையில் இருக்கிறது. ஜன்னலைச் சாக்கால் மூடி, வாயைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். தீனி வைக்கும்போது மட்டும் அவிழ்க்கிறார்கள். அது பெருமூச்சு விடுவது சுவர் வழியாகக் கேட்கிறது.

"யாராவது கேட்டா செவலை செத்துப்போச்சுன்னு சொல்லணும், புரியுதா?" என்றார் அப்பா. தலையாட்டினேன். அவர் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதிலைப் பள்ளி விலாசத்துக்குப் போடு.

பயந்துபோன உன் தங்கை,
பாப்பா

வெள்ளி

என் செல்லப் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இதை நீயும் கிழித்துவிடு. பயிரெல்லாம் போன பிறகு அப்பா வேறு என்னதான் செய்வார்? என் விடுதிக் கட்டணத்தைப் போன வாரம்தான் கட்டினார். எதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு படிப்பைப் பார், கண்ணு.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா

திங்கள், இரவு

அக்கா,

நீ இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை. போகட்டும்.

இன்று மாட்டு டாக்டர் வந்தார். போனில் அந்தப் படத்தைக் காட்டி, "நான் எல்லா மாட்டுக்கும் வலது காதுலதான் வில்லை மாட்டுவேன். இது எப்படி இடது காதுக்குப் போச்சு?" என்று கேட்டார். அந்தச் செத்த மாடு வலது காது தரையில் அழுந்த விறைத்துக் கிடந்திருக்கிறது. புரட்ட முடியாமல், மேலே தெரிந்த காதிலேயே மாட்டிவிட்டார்கள்.

"வெள்ளத்துல காது மாறிப்போச்சோ என்னவோ சார்!" என்று சித்தப்பா சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீ சொல்லும்மா," என்று என்னிடம் திரும்பினார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாளை அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

சற்று முன் கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

"விடியறதுக்குள்ள மாட்டை வண்டியில ஏத்திடலாம்ணே. உன் பொண்ணை என்ன பண்றது?"

"அவ சின்னப் பிள்ளைடா."

"சின்னப் பிள்ளைதான் உள்ளதைப் போட்டு உடைக்கும்."

அப்பா பதில் சொல்லவில்லை. அதுதான்க்கா பயமாக இருக்கிறது. அம்மா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

நாளை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். உன் படிப்பு நின்றுபோனால் என்னை மன்னித்துவிடு. விடியற்காலையில் பால் எடுக்க வருகிறவரிடம் இதைக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

பாப்பா

வியாழன், பேருந்து நிலையம்

பாப்பா,

கடிதம் இன்று மாலைதான் கைக்கு வந்தது. முதல் பேருந்து விடிந்த பிறகுதானாம். சும்மா உட்கார முடியாமல் எழுதுகிறேன். இது பள்ளியில் உனக்குக் கிடைத்தால், என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

வீட்டுக்குப் போன் செய்தேன். "அவ மாமா வீட்டுக்குப் போயிருக்கா. கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்," என்றார் அப்பா. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மாவும் அதையே சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல்.

அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்கு அக்கா தங்கை கிடையாது. நமக்கு ஏதடி மாமா?

அக்கா