மருந்து எடுத்த நாள்

மாசி 9, செவ்வாய்.

பெருங்குடலில் புண் என்று மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். யாரோ சோற்றில் செய்வினை மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார். நச்சரிப்பு தாங்காமல் இன்று அவரோடு வலங்கைமான் போனேன். மருந்து எடுக்கிற அம்மாள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினாள்.

"சோறு போடுற கைதாம்மா வச்சிருக்கு," என்று காதோரம் சொன்னாள்.

உருண்டையை முன்பே வாயில் அடக்கியிருப்பாள், எனக்குத் தெரியாதா! வெளியே வந்து மாமியாரிடம் மூச்சு விடவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கழிவறைக்கு ஓடினேன். மலத்தில் அதே ரத்தம்.

ராத்திரி எனக்குக் குழைந்த சோறு போடும்போது மாமியார் கரண்டியைப் பாதியில் நிறுத்தினார்.

"நான் ஒன்னும் வைக்கலம்மா," என்றார்.

நான் எதுவுமே கேட்கவில்லை.

மாத்திரையை விழுங்கிவிட்டேன். சோறு அப்படியே தட்டில் இருக்கிறது.