வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மன்னிப்பு

குன்சான்,
அக்டோபர் 14, செவ்வாய்.

மகன் தேகுனுக்கு,

முழங்கால் தவிர மற்றவை சொன்னபடி கேட்கின்றன. என் நலம் அவ்வளவுதான். ஜெஜுத் தீவில் குளிர்காற்று என்று செய்தியில் சொன்னார்கள். படப்பிடிப்பில் போர்வீரன் கவசத்துக்குள் கம்பளிச் சட்டை அணிந்துகொள். தொலைபேசியை நீ எடுக்காததால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று உன் நிறுவனத்திலிருந்து க்வாக் என்பவர் ஒரு பெட்டிப் பேரிக்காயுடன் வந்தார். பழத்தின் அளவைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று புரிந்தது. மார்ச் மாதமே நீ ஹேரிம் என்ற ஒலிப்பதிவாளரை மணந்துகொண்டதும், அது வெளியே தெரிந்து ரசிகைகள் கொதிப்பதும் அவர் வாயால்தான் எனக்குத் தெரியவந்தன. நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. நடிப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

இப்படி மாட்டிக்கொள்ளும் நடிகர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, நீயும் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் வெள்ளி மதியத்துக்குள் இணையத்தில் வர வேண்டுமாம். வாசகம் தயாராம், நீதான் பிடிகொடுக்கவில்லையாம். “அம்மா, ராணுவத்துல இருந்தப்ப அவர் போட்ட கடுதாசி ரெண்டு குடுங்க, போதும். எங்க ஆபீஸ் பொண்ணு அதப் பாத்து அச்சு அசலா எழுதிடுவா” என்றார்.

“தம்பி, நான் சட்டம் படிச்சவ. இதுக்கு அங்க ஒரு பேரு இருக்கு, சொல்லட்டுமா?” என்றேன்.

“ஐயோ, அவர் நல்லதுக்குத்தாம்மா! கடுதாசி வரலேன்னா டிவி தொடர்ல பதினாலாவது பாகத்துல அவரச் சாகடிச்சிருவாங்க.”

“பதிமூணுலயே பாதி செத்த மாதிரிதானே நடிச்சான்” என்று சொல்லி, பேரிக்காயையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். உன் கடிதங்கள் நாற்பத்தொன்றும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.

நீ படிப்பைப் பாதியில் விட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனபோது, இசை சோறு போடாது என்றேன். பதினோரு ஆண்டுகள் உன் கச்சேரி ஒன்றுக்கும் நான் வரவில்லை. சோற்றை நடிப்புத்தான் போட்டது என்பதால் பாதி சரியாகச் சொன்னேன் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அன்று பெற்றவளிடமே மன்னிப்புக் கேட்காதவன், முகம் தெரியாதவர்களிடம், அதுவும் மணந்துகொண்டதற்காக, ஏன் கேட்க வேண்டும்?

க்வாக் காட்டிய அந்த வாசகத்தைப் படித்தேன். ‘என் தவறு’ என்று மூன்று இடங்களில் வருகிறது. அந்தத் தவறு உன் வீட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கும் என்பதை யோசித்தாயா?

ஆகவே எழுதாதே. சாகடித்தால், ஒழுங்காகச் செத்துக் காட்டிவிட்டு வா. பாட்டு இருக்கிறது, அதை எவரும் பதினாலாம் பாகத்தில் முடிக்க முடியாது. தொடரில் மன்னனுக்குக் குனி, அதற்குச் சம்பளம் உண்டு. மற்ற இடங்களில் நிமிர்ந்து நில்.

கை அரித்து மன்னிப்பு எழுதியே தீர வேண்டுமானால், ஏழு மாதம் மறைத்ததற்காக எனக்கு எழுது. அல்லது எழுதாமல், படப்பிடிப்பு முடிந்த ஞாயிறன்று ஹேரிமை அழைத்து வா. அவள் நண்டு சாப்பிடுவாளா என்பதை மட்டும் முன்கூட்டித் தெரிவி.

இப்படிக்கு,
உன் தாய்
(அவள் சம்மதித்தால், அவளுக்கும்).