ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆள்

மச்சானுக்கு சலாம்.

நம் பிள்ளை ஃபராஸ் மேல் உள்ள கோபத்தில் நீங்கள் உங்கள் வடபழனி சலூனிலேயே தங்கிவிட்டீர்கள். போனையும் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஃபராஸ் சிறுவர் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த பிறகு, அவனைச் சேர்க்க நான் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. கால் வலிதான் மிச்சம். மயிலாப்பூரில் ஒரு தலைமையாசிரியை மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை முடி வெட்டிட்டு வரட்டும்" என்றார்.

இவன் எந்தக் கடையிலும் உட்கார மாட்டேன் என்கிறான். "உள்ள போன அன்னிக்கே புடிச்சு வெச்சு ஒட்ட வெட்னாங்கம்மா. இனிமே எவனும் என் தலைல கை வெக்கக் கூடாது." கெஞ்சி ஓய்ந்துவிட்டேன். பிறகு அவனாகவே உங்களை நினைத்துச் சொன்னான்: "அத்தா வெட்னா உக்கார்றேன்."

ஞாயிறு கூட்டம் இருக்கும், தெரியும். கடைசியில் வருகிறோம்.

நீங்கள் அவனோடு பேசக்கூட வேண்டாம். முடியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா