பிரிக்காத பத்துக் கவர்கள்

இன்று காலை சிவகாசியிலிருந்து மாதிரிக் கவர்கள் வந்தன. கட்டைப் பிரித்ததும் காகிதமும் அச்சு மையும் கலந்த வாசனை, உன் துப்பட்டாவில் எப்போதும் இருக்குமே, அது. 'மண்ணில் மட்கும்' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஓரத்தைக் கிழித்தேன். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

"அம்புட்டுப் பேரும் இதத்தான் வாங்குறாக," என்றான் எங்கள் முதலாளி மகன். அவனோடு வாதாடத் தெம்பில்லை; கட்டை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் இருந்தாய். நான் விருதுநகரில் இந்தக் காராச்சேவு கம்பெனியில் தரம் பார்க்கிறவள். பிளாஸ்டிக்கே இல்லாத கவரில் சேவு விற்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். தடித்த காகிதத்தின் உள்பக்கம் கஞ்சியும் தேன்மெழுகும் பூசிக்கொண்டு வந்தாய். முதல் கவரில் எண்ணெய் கசிந்தது. அடுத்ததில் நாலே நாளில் சேவு நமத்தது. "பழக்கத்துக்காக நல்லாருக்குன்னு சொல்லிராதீக அக்கா," என்பாய்.

மூன்றாவது கவர் தீபாவளி சீசனில் வந்தது. இருபது நாள் அடைத்து வைத்திருந்த பத்துக் கவர்களைப் பிரித்து, மென்று பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும். காலையிலிருந்து நின்றே வேலை. முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பத்தும் மேசையில் இருக்க, ஒன்றையும் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

உன் கவரில் அடைத்த சேவுப் பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது நீ ஓடி வந்தாய். உன் வீட்டில் வைத்திருந்த கவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய்.

"நமத்துப் போச்சு அக்கா. லோடு ஏத்தாதீக."

"தரம் பாத்துக் கையெழுத்தாகிருச்சும்மா," என்றார் முதலாளி.

"என் கவருதான் ஐயா. நானே சொல்றேன், வேண்டாம்."

பெட்டிகள் இறங்கின. ஆர்டரும் உன்னைவிட்டுப் போனது. வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாய்: "எத்தன கவரு பிரிச்சுப் பாத்தீக?"

"பத்தும். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

நீ நம்பிவிட்டாய். "பத்து நல்லாருந்து ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா, பூச்சு சரிதான், ஓரத்த ஒட்டுனதுலதான் எங்கனயோ பிசகு," என்றாய்.

நீ போன பிறகு பத்தையும் பிரித்தேன். ஒன்றில்கூட மொறுமொறுப்பு இல்லை. குறை உன் பூச்சில் இருந்தது. நீயோ பூச்சைத் தொடாமல், வேலை முடிந்த பிறகு மாதக்கணக்கில் பசையை மாற்றி மாற்றி ஓரங்களை ஒட்டிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு முறையும் என்னிடம் கொண்டு வந்தாய். நானும் வாங்கி வைத்தேன்.

நீ படுக்கையில் விழுந்தபோது, சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாய்.

"இன்னொரு பசை இருக்காம் அக்கா. அத வச்சு ஒட்டுனா மொறுமொறுப்பு நின்னுரும்ல?"

"நின்னுரும்," என்றேன். வாங்கி வந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன். அடுத்த வாரம் நீ இல்லை.

உன் ஒட்டில் ஒரு குறையும் இல்லையடி. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. இன்று நீ எதிரே வந்து உட்கார்ந்தாலும் வருமா என்று தெரியவில்லை.